புளியங்கொட்டையும் ‘அ’வும்

(திருமுக்கூடலில் நடந்த ஆசிரியர் கூடுகையில் ஓர் இடைநிலை ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம் என்பதால் இந்த ஊர் திருமுக்கூடல். இன்று இங்கே தொடக்கநிலை ஆசிரியர்கள், உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று நாமும் மூன்று தரப்பாகக் கூடியிருக்கிறோம். மழலையர் வகுப்பில் கையால் செய்து எழுத்தும் எண்ணும் கற்பது குறித்துப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பெரிய ஆய்வு எதுவும் என் கையில் இல்லை. செய்த தவறுகளும், அவற்றிலிருந்து கற்றதும்தான் இருக்கின்றன. அவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வகுப்புகளுக்கு அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அதுவரை பல ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பு எடுத்தவள். ஐந்தாம் வகுப்புக்குப் பழகிய எனக்கு நான்கு வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டேன். நோட்டு வாங்கச் சொன்னேன்; முதல் வரியில் ‘அ’ எழுதிக் கொடுத்தேன்; பக்கம் நிறைய எழுதச் சொன்னேன்.

பென்சில் உடைந்த நாள்

அந்த வகுப்பில் ஒரு சிறுவன். பெற்றோர் இருவரும் தறியில் வேலை செய்பவர்கள்; பாட்டிதான் கொண்டுவந்து விடுவார். பென்சிலைப் பிடிக்கவே மாட்டான். ஒரு நாள் அவன் கையை என் கைக்குள் அழுத்திப் பிடித்து ‘அ’ எழுத வைத்தேன். பென்சில் முனை உடைந்தது. அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். “கை வலிக்குதாம் டீச்சர், வரமாட்டேங்கிறான்” என்றார் பாட்டி. பாட்டி தார் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கழித்துப் போட்ட பட்டு நூல் துண்டுகளை அவன் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். அரக்கு, மஞ்சள், அரக்கு, மஞ்சள் என்று வரிசை தப்பாமல் அடுக்கியிருந்தான். முடி போன்ற நூலை இரண்டு விரலால் எடுத்து வைக்கிற அந்தக் கையைத்தான் நான் ‘பலமில்லாத கை’ என்று முடிவு செய்திருந்தேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்குவதற்கே 9 வயதுக்கு மேல் ஆகிறது. நான்கு வயதுக் கை நூலை எடுக்கும், மண்ணைப் பிசையும், மூடியைத் திருகும். பென்சிலை அழுத்திப் பிடித்து ஒரு பக்கம் எழுத அந்தக் கை இன்னும் தயாராகவில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்டேன்.

“இது என்ன?”

அதன் பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நோட்டை மூட்டை கட்டிவிட்டு, ‘செயல்பாடு’ செய்யத் தொடங்கினேன். அட்டையில் பெரிதாக ‘அ’ வரைந்து, பசை தடவிப் புளியங்கொட்டை ஒட்டச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அழகழகான அட்டைகள் சுவரில் ஏறின. பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒரு நாள், ஒட்டி முடித்த ஒரு சிறுமியிடம் அட்டையைக் காட்டி, “இது என்ன கண்ணு?” என்று கேட்டேன்.

“புளியங்கொட்டை டீச்சர்.”

அவள் சொன்னது சரியான பதில். அரை மணி நேரம் அவள் பார்த்தது, தொட்டது, நினைத்தது எல்லாம் புளியங்கொட்டையைத்தான். ஒரு கொட்டையை மேலே ஒட்டினாள், அடுத்ததைக் கீழே ஒட்டினாள். ‘அ’ எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்று அவள் விரல் ஒரு முறைகூடப் போகவில்லை. அந்த ஒலியை வாய் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அவள் கற்றது ஒட்டும் வேலை. அதுவும் நல்ல பழக்கம்தான், விரலுக்குப் பயிற்சிதான். ஆனால் அதை எழுத்துக் கற்றல் என்று பதிவேட்டில் எழுதினேனே, அங்கேதான் பிசகு.

இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். கை வேலை செய்தால் மட்டும் போதாது. எழுத்து என்றால் கை அதன் வழியே போக வேண்டும், அதே நேரத்தில் வாய் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். எண் என்றால் கை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும், வாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். கையும் வாயும் ஒன்று சேராத செயல்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் புளியங்கொட்டைதான்.

எழுத்துக்கு மூன்று பொருள்கள்

நான் இப்போது எழுத்துக்கு மூன்றே பொருள்களை வைத்திருக்கிறேன்.

முதலாவது மணல் தட்டு. ஓர் எவர்சில்வர் தட்டு, அடியில் வண்ணத்தாள், மேலே சலித்துக் கழுவி உலர்த்திய ஆற்று மணல் ஒரு பிடி. நான்கைந்து குழந்தைகள் என்னைச் சுற்றி உட்காருவார்கள். நான் மெதுவாக ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவேன். விரல் போன பாதையில் வண்ணம் தெரியும். பிறகு அவர்கள் எழுதுவார்கள். தவறினால் தட்டை லேசாக ஆட்டினால் போதும், மறைந்துவிடும். நோட்டில் எழுதிய தவறு அங்கேயே கிடக்கும், அதன்மேல் சிவப்பு மையும் விழும். மணலில் தவறுக்குச் சாட்சியே இல்லை. பயந்த குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பார்த்தால்தான் தெரியும். பாட்டியோடு திரும்பி வந்த அந்தச் சிறுவன் முதலில் எழுதியது இந்தத் தட்டில்தான்.

இரண்டாவது உப்புத்தாள் எழுத்து. கடையில் கிடைக்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். குழந்தை இரண்டு விரலால் எழுதும் திசையிலேயே தடவிச் சொல்ல வேண்டும். பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவி எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. தொடக்கத்தில் ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆன எழுத்துகளை எடுத்துக்கொள்கிறேன். ‘ட’வைத் தடவியவர்கள், ‘ப’வைத் தடவியதும் “இதுல இன்னொரு சுவர் இருக்கு” என்பார்கள். வடிவ வேறுபாட்டை நான் சொல்லித் தரவில்லை, விரல் சொல்லித் தந்தது. அ, இ போன்ற வளைவான எழுத்துகள் அதற்குப் பிறகு வரும்.

மூன்றாவது ஒலிப் பை. ஒரு துணிப்பைக்குள் மணி, மஞ்சள் கிழங்கு, மல்லிகைப் பூ. பந்து, பல்பம், பட்டு நூல். குழந்தை கையை விட்டு ஒன்றைத் தடவிப் பார்த்துப் பெயரைச் சொல்லி, வெளியே எடுத்து, ‘ம’ அட்டையிலோ ‘ப’ அட்டையிலோ வைக்க வேண்டும். தமிழ்ச் சொல் ‘ட’வில் தொடங்காது என்று இலக்கணம் படித்த நமக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு குழந்தை தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ‘ட’ அட்டை மேல் வைத்தது. தொல்காப்பியர் மன்னிப்பார் என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

மணல் நமக்குப் புதிதல்ல

மணலில் எழுதுவதைப் பார்த்து, “இதெல்லாம் பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே” என்று ஒரு நண்பர் கேலி செய்தார். கேலிதான் என்றாலும் உண்மை. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் விரும்பவில்லை. அதனால் 8 வயது மாணவன் ஒருவனைக் கொண்டு சிறியவர்களுக்கு மணலில் எழுத்தறிவிக்க வைத்தார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

உப்புத்தாள் எழுத்தை உலகுக்குக் கொடுத்தவர் இத்தாலியின் மரியா மாண்டிசோரி. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கியிருந்தார். நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கி வைக்கப்பட்டது. நானும் அப்போதுதான் பள்ளிக்குத் திரும்பி ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டேன். பெயர்கள் மாறுகின்றன. தட்டிலிருக்கும் மணலும் விரலும் மாறவில்லை.

எண்: பாட்டு வேறு, எண்ணுவது வேறு

எண்ணுக்கு வருகிறேன். ஒன்று முதல் ஐம்பது வரை ஒரே மூச்சில் சொல்லும் ஒரு குழந்தையிடம், “ஏழு மூடி எடுத்து வா” என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தது. அதற்கு ஏழு என்பது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான்.

எண்ணுவதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் ஒரு நூலில் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் மூன்று நமக்கு அன்றாடம் பயன்படும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் எண் பெயர் சொல்ல வேண்டும். பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். குழந்தை தவறும்போது இந்த மூன்றில் எது தவறுகிறது என்று பாருங்கள். ஒரு மூடியை இரண்டு முறை தொட்டால் முதலாவது. “நாலு, ஆறு” என்று தாண்டினால் இரண்டாவது. எண்ணி முடித்த பிறகு, “மொத்தம் எத்தனை?” என்று கேட்டதும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உதவி தேவை. ‘கணக்கு வரவில்லை’ என்ற ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்துவிடுகிறோம்.

இதற்குச் சிறந்த கருவி நம் சத்துணவுக் கூடத்திலேயே கிடக்கிறது. முட்டை அட்டை. 30 முட்டை வைக்கும் அட்டையில் வரிசைக்கு 5 குழியாக 6 வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 10 குழி கொண்ட மூன்று அட்டைகள். ஒரு குழிக்கு ஒரு மூடி. இரண்டு முறை எண்ண வழியில்லை. ஏழு மூடி வைத்த அட்டையைப் பார்த்தால் ஒரு வரிசை நிறைந்து, மேலும் இரண்டு இருப்பது தெரியும். பத்துக்கு இன்னும் மூன்று குழி காலி என்பதும் தெரியும். கூட்டலும் கழித்தலும் பெயர் சொல்லாமலே உள்ளே நுழைந்துவிடுகின்றன. காலி அட்டையைக் காட்டினால் பூச்சியம்.

பத்து தாண்டியதும் ஈர்க்குச்சி. பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டால் ஒரு கட்டு. ஒரு கட்டும் ஒரு குச்சியும் பதினொன்று. ஒரு கட்டும் ஐந்து குச்சியும் பதினைந்து. பெயருக்குள்ளேயே பத்து ஒளிந்திருப்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுபது, எண்பது என்று வந்துவிட்டுத் தமிழ் திடீரென்று தொண்ணூறு என்கிறது. காதில் நூறு கேட்கிறது. கையில் ஒன்பது கட்டுதான் இருக்கிறது. குழந்தை தடுமாறினால் அது அதன் தவறே இல்லை. கட்டுகளைக் கையில் கொடுத்துச் சொல்ல வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எண்ணுவதற்குப் பட்டாணி கொடுத்தேன். ஒரு குழந்தை ஒன்றை மூக்குக்குள் திணித்துக்கொண்டது. மருத்துவரிடம் ஓடி, எடுத்து, நல்லபடியாக முடிந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. இப்போது மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு விதை, மணி, பட்டாணி எதுவும் இல்லை. பெரிய மூடி, குச்சி, கட்டைதான். வேலை முடிந்ததும் அவற்றை எண்ணிப் பெட்டியில் வைப்பது அவர்களின் கடைசி வேலை. பாதுகாப்பும் ஆயிற்று, எண்ணுவதும் ஆயிற்று.

நோட்டில் ஒன்றுமே இல்லையே?

பெற்றோரின் கவலையை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தாய் வந்து, “பக்கத்து வீட்டுப் புள்ளை தனியார் பள்ளியில நோட்டு நோட்டா எழுதுது. எம் பொண்ணு நோட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்?” என்று கேட்டார். தறியில் உட்கார்ந்தால் கூலி, எழுந்தால் இல்லை. அப்படிப்பட்டவர் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்கிறார். இந்தப் பிள்ளையாவது படித்து மேலே வர வேண்டும் என்ற தவிப்பு அது. “உட்காரும்மா” என்று சொல்லி, மகள் மணலில் எழுதுவதையும், மூடி வைப்பதையும் அரை மணி நேரம் பார்க்க வைத்தேன். முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே வாசலில் நின்று சொன்னார். “நேத்து ராத்திரி சாப்பிட நாலு தட்டு எடுத்துட்டு வாடின்னேன் டீச்சர். அஞ்சு எடுத்துட்டு வந்தா. நாலுதானே சொன்னேன்னு திட்டினேன். மாமா வந்திருக்காரே, அவருக்குத் தட்டு வேணாமான்னு கேக்குறா.”

நம் பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. ஆனால் நான்கு வயதில் கணக்கு என்பது இதுதான்.

மேல்வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

பட்டதாரி ஆசிரியர்கள், ‘மழலையர் வகுப்புக் கதை நமக்கு எதற்கு’ என்று நினைக்கலாம். ஆறாம் வகுப்பில் முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் மாணவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘கொ’வைப் பார்த்துத் திகைக்கும் மாணவியையும் பார்த்திருப்பீர்கள். முதலாமவன் கையில் கட்டு ஏறாதவன். இரண்டாமவளுக்கு, முன்னால் எழுதும் கொம்பு பின்னால் ஒலிக்கும் என்பதை யாரும் நிறுத்திக் காட்டவில்லை. மூன்று பிள்ளைகளை அழைத்து, ஒருவர் கையில் ‘க’, ஒருவர் கையில் ஒற்றைக்கொம்பு, ஒருவர் கையில் துணைக்கால் கொடுத்து வரிசையில் நிற்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் விளங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மணல் தட்டைக் கொடுத்தால் வெட்கப்படும், அது நியாயம்தான். ஈர்க்குச்சிக்குப் பதில் பத்து ரூபாய், நூறு ரூபாய் விளையாட்டு நோட்டு கொடுங்கள். மற்றவர்கள் பார்க்காத நேரத்தில் கொடுங்கள். கடந்து வந்த வகுப்பின் பெயரைச் சொல்லி மட்டும் அவமானப்படுத்தாதீர்கள்.

முடிக்கும் முன் ஒன்று. இந்த ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. அதில் ஒரு கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் பேசப்படுகின்றன. யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு சுவர். என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் காற்றில் விரலை ஓட்டினார்கள். ‘ட’வையும் ‘ப’வையும் கண்டுபிடித்துக் கத்தினார்கள். ஆயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறாத வடிவங்கள் அவை.

அந்தக் கல்விச் சாலையில் வேதம் படிக்க வந்த சிலருக்குத்தான் இடம் இருந்தது. இன்று என் வகுப்பில் நெசவாளி வீட்டுப் பிள்ளையும், கல்லுடைக்கப் போகிறவரின் பிள்ளையும், கோயில் வாசலில் பூ விற்பவரின் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். எல்லாரையும் உள்ளே அழைத்துவிட்டோம். உள்ளே வந்த குழந்தை, கை வலித்துத் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

நாளைக் காலை ஒரு தட்டில் ஒரு பிடி மணல் போடுங்கள். ஒரே ஒரு குழந்தையோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். முடிந்ததும், “இது என்ன?” என்று கேளுங்கள். “மணல்” என்று பதில் வந்தால் இன்னொரு முறை சேர்ந்து எழுதுங்கள். எழுத்தின் ஒலி பதிலாக வரும் நாள் அதிகத் தூரத்தில் இல்லை.